கரை கட்டியவர்களும் கரை உடைத்தவர்களும்

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் மாவட்டத்தில் ஓடும் ஒட்டர் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 32 கிலோமீட்டர்தான். சாமர்செட் எல்லைக்குள், பிளாக்டவுன் குன்றுகளின் மேல் ஒட்டர்ஃபோர்ட் என்னும் சிற்றூரருகே பிறக்கும் அந்த ஆறு, ஹானிட்டன், ஒட்டரி செயின்ட் மேரி, நியூட்டன் பாப்பிள்ஃபோர்ட், ஒட்டர்ட்டன் ஆகிய ஊர்களின் ஓரமாகத் தெற்கே இறங்கி, பட்லி சால்டர்ட்டன் என்னும் கடற்கரை ஊருக்குக் கிழக்கே ஆங்கிலக் கால்வாயில் கலந்துவிடுகிறது. பேராறுகளைப் பற்றிப் படிக்கும்போது, மேலே ஓரிடத்தில் மனிதர்கள் செய்த ஒன்று கீழே எங்கோ, எப்போதோ, யாருக்கோ விளைவாகச் சென்று சேர்கிறது என்று நம்பிக்கையின் பேரில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒட்டரில் அந்தச் சிரமம் இல்லை. ஓர் அணையைக் கட்டியவர் யார், அதனால் நனைந்தது யார் வயல், நனையாமல் தப்பியது யார் வீடு என்பதையெல்லாம் கால்நடையாகவே சென்று பார்த்துவிடலாம். நான் அந்தப் பள்ளத்தாக்கில் திரும்பத் திரும்ப நடந்ததற்கு அழகைவிட இதுவே பெரிய காரணம்.

ஆற்றின் தலைப்பகுதியை விரைவாகவே கடந்துவிடலாம். பிளாக்டவுன் குன்றுகளின் மேலே மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும் பச்சை மணற்கல் அடுக்கு இருக்கிறது. அதன் கீழே நீரை விடாத களிமண் அடுக்கு இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் கோட்டில், குன்றின் இடுப்பைச் சுற்றி வரிசையாக ஊற்றுகள் கசிகின்றன. அவற்றை ஒட்டிச் சின்னச் சின்னச் சதுப்புகள் உருவாகியிருக்கின்றன. இந்த ஊற்றுநீர்தான் ஒட்டரின் தொடக்கம். ஹானிட்டன் வரையில் அது எட்டிக் கடக்கக்கூடிய ஓடை என்ற நிலையிலிருந்து இறங்கிக் கடக்க வேண்டிய ஆறு என்ற நிலைக்கு வளர்கிறது. ஹானிட்டன் கையால் பின்னும் லேஸுக்குப் பெயர்பெற்ற ஊர். அதற்கு மேற்கே உள்ள ஃபென்னி பாலங்களின் அருகே 1549இல், புதிய வழிபாட்டு நூலை ஏற்க மறுத்துக் கிளர்ந்த டெவன், கார்ன்வால் மக்களுக்கும் அரசுப் படைக்கும் இடையே சண்டை நடந்தது. இன்று அங்கே மாடுகள் மேய்கின்றன. பெருஞ்சாலையின் இரைச்சல் கேட்கிறது.

கீழே வர வர மண் சிவக்கிறது. டிரையாசிக் காலத்தில், ஏறக்குறைய 24 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலப்பகுதி வெப்பமண்டலத்தை ஒட்டிய வறண்ட பாலையாக இருந்தபோது படிந்த மணல் இது. மணலிலிருந்த இரும்பு துருவேறிச் சிவந்தது. ‘ஒட்டர் மணற்கல்’ என்றே நிலவியலாளர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். இந்தப் பாறை பஞ்சைப் போல் நீரைத் தேக்கிவைக்கிறது. பள்ளத்தாக்கில் ஆழ்துளைக் கிணறுகள் அமைத்துக் கிழக்கு டெவனின் குடிநீரில் ஒரு பங்கை இதிலிருந்தே எடுக்கிறார்கள். மென்மையான பாறை என்பதால் ஆறு அதை எளிதாக அறுக்கிறது. வளைவுகளின் வெளிப்புறத்தில் செங்குத்தான செம்மண் கரைகள் நிற்கின்றன. அவற்றில் துளையிட்டுக் கூடமைக்கின்றன இரண்டு பறவைகள். ஒன்று, ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் திரும்பிவரும் மணல் தகைவிலான். மற்றொன்று, நம் ஊர்க் குளக்கரைகளிலும் பார்க்கும் அதே சிறு நீல மீன்கொத்தி; இனமும் ஒன்றேதான்.

வேகமாகச் சலசலக்கும் இடங்களில் டிப்பர் என்றொரு பறவை இருக்கும். பழுப்பு உடலும் வெண்மார்பும் கொண்ட, மைனாவைவிடச் சிறிய, உருண்டையான பறவை. அது கல்லின்மேல் நின்று உடலைத் தாழ்த்தித் தாழ்த்தி எழும். பிறகு தயக்கமில்லாமல் நீருக்குள் இறங்கி, ஓட்டத்தை எதிர்த்து ஆற்றடியில் நடந்தபடியே பூச்சிகளின் இளம்புழுக்களைப் பொறுக்கும். ஆற்றின் நலத்தை அறிய ஆய்வகத்துக்குப் போக முடியாதவர்கள் டிப்பர் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்பது என் எண்ணம். அடிக்கற்களின் இடுக்குகளில் வண்டல் அடைத்துக்கொண்டால் அந்தப் புழுக்கள் வாழ இடமிருக்காது. புழுக்கள் இல்லாத நீரில் டிப்பருக்கு வேலையில்லை. ஒட்டரின் தீராத நோயும் அந்த வண்டல்தான். செம்மண் சரிவுகளில் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு, அறுவடைக்குப் பின் நிலத்தை வெறுமையாக விட்டுவைத்தால், இலையுதிர்கால மழை மண்ணை வழித்துக்கொண்டு வருகிறது. நல்ல மழைக்கு மறுநாள் ஆறு செங்காவி நிறத்தில் ஓடுவதைப் பார்ப்பவர்கள் அதை அழகு என்று படமெடுக்கிறார்கள். ஓடுவது யாரோ ஓர் உழவரின் மேல்மண்.

கரையோரம் முழுவதும் கோடையின் பிற்பகுதியில் இளஞ்சிவப்புப் பூக்களோடு ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு செடி மண்டிக்கிடக்கும். இமாலயத் தும்பை எனலாம். நம் காசித்தும்பையின் பேரினத்தைச் சேர்ந்தது. 1839இல் தோட்ட அலங்காரத்துக்காக இந்தியத் துணைக்கண்டத்தின் மலைப்பகுதியிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. காய் முற்றியதும் தொட்டால் வெடித்துப் பல மீட்டர் தூரம் விதைகளைத் தெறிக்கவிடும். ஆற்றோரச் செடிக்கு அதைவிட வசதியான வாகனமாக ஆறே இருக்கிறது. கோடையில் பிற செடிகள் அனைத்தையும் நிழலால் அமுக்கிவிட்டு, முதல் உறைபனியில் தானும் மடிந்து, குளிர்கால வெள்ளத்துக்கு வெற்றுக் கரையை விட்டுச்செல்வதுதான் இதன் தீமை. கரையரிப்பும் வண்டலும் இதனால் இன்னும் கூடுகின்றன. ஆண்டுதோறும் தன்னார்வலர்கள் கையால் பிடுங்குகிறார்கள். வேர் ஆழமில்லாததால் பிடுங்குவது எளிது. ஆனால் மேலே ஓரிடத்தில் பிடுங்காமல் விட்டால் கீழே எல்லாருடைய உழைப்பும் வீண். அதன் தாயகத்தில் அதைக் கட்டுப்படுத்தும் துரு நோய்ப் பூஞ்சையைத் தேடியெடுத்து, 2014 முதல் பிரிட்டனில் சோதனையாக வெளியிட்டுவருகிறார்கள். செடியைக் கொண்டுவந்தவர்கள் அதன் நோயை விட்டுவிட்டு வந்தார்கள். ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து நோயையும் அழைத்துவர வேண்டியதாயிற்று.

நீர்நாய்களும் இங்கே உண்டு. காவிரியில் கூட்டமாக மீன்பிடிக்கும் நீர்நாய் வேறு இனம். இங்கே வாழ்வது பெரும்பாலும் தனித்துத் திரியும் யூரேசிய நீர்நாய். 1950களிலிருந்து வேளாண்மையில் கலந்த டீல்ட்ரின் போன்ற நஞ்சுகளால் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் நீர்நாய்கள் அற்றுப்போயின. அந்த நஞ்சுகள் தடைசெய்யப்பட்ட பிறகு, தென்மேற்கில் எஞ்சியிருந்தவற்றிலிருந்து மெல்ல மெல்லப் பரவி, 2011 அளவில் இங்கிலாந்தின் எல்லா மாவட்டங்களுக்கும் திரும்பிவிட்டன. ஆனாலும் பகலில் நீர்நாயைக் காண்பது அரிது. பாலத்தடியில் கல்லின்மேல் அது விட்டுச்செல்லும் எச்சத்தைக் கண்டு மகிழ்வதோடு பெரும்பாலோர் நின்றுவிட வேண்டியிருக்கும்.

இந்த ஆற்றுக்கு உலகப் பெயர் வாங்கிக்கொடுத்தது நீர்நாய் இல்லை, பீவர். தாவரங்களை மட்டுமே உண்ணும் பெரிய கொறிணி அது. வளர்ந்த விலங்கு 20 கிலோவைத் தாண்டும். மென்மயிருக்காகவும் இறைச்சிக்காகவும், வாலடிச் சுரப்பியிலிருந்து கிடைக்கும் வாசனைப் பொருளுக்காகவும் வேட்டையாடப்பட்டு, ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டனிலிருந்து அது மறைந்துபோனது. 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒட்டரின் கரையில் கூர்மையாகச் சீவிய பென்சில்முனை போன்ற மரக்கட்டைகள் தென்படத் தொடங்கின. அவற்றைக் கடித்துச் சீவிய பீவர்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு இன்றுவரை உறுதியான விடையில்லை. வளர்ப்பிடத்திலிருந்து தப்பியிருக்கலாம், யாராவது வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டிருக்கலாம். 2014இல் குட்டிகளோடு அவை இருப்பது படமெடுக்கப்பட்டது. அதன்பின் இரகசியம் இல்லை.

அரசு முதலில் அவற்றைப் பிடித்து அகற்றவே திட்டமிட்டது. மனிதருக்கும் தொற்றக்கூடிய ஒரு நாடாப்புழு அவற்றிடம் இருக்கலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். பள்ளத்தாக்கு மக்கள் இதை எதிர்த்தார்கள். மரம் அறுக்கும் ஒரு கொறிணிக்காக, அதுவும் எவருடைய அனுமதியுமின்றி வந்தேறிய விலங்குக்காக, உழவர்கள் நிறைந்த பகுதியில் இத்தனை ஆதரவு எழுந்தது எனக்கு இன்னும் வியப்பாகத்தான் இருக்கிறது. சுற்றுச்சூழல் இயக்கம் ஒன்று வழக்குக்கும் ஆயத்தமானது. இறுதியில், 2015 சனவரியில் டெவன் வனவிலங்கு அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுச் சோதனைக்கான உரிமம் கொடுக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் பீவர்களைப் பிடித்து, குருதியைச் சோதித்து, நோயில்லை என்றும் ஐரோப்பிய இனமே என்றும் உறுதிசெய்துகொண்டு ஆற்றிலேயே விட்டார்கள். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகக்கூடாது என்பதற்காக 2016இல் புதிதாக ஓர் இணையைச் சேர்த்தார்கள்.

சோதனையின் கணக்கை எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்தார்கள். அவர்கள் கண்டவற்றுள் எனக்கு முக்கியமாகப் படுவது, பீவர் எங்கே அணை கட்டுகிறது, எங்கே கட்டுவதில்லை என்பது. முதன்மை ஆற்றில் அதற்கு வேண்டிய ஆழம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே அங்கே அது கரையில் வளை தோண்டி, அதன் வாயிலை நீருக்கடியில் வைத்துக்கொண்டு, இருப்பது தெரியாமல் வாழ்கிறது. ஆழம் போதாத கிளையோடைகளில்தான் கட்டையும் சேறும் கொண்டு அணையெழுப்பி நீரை உயர்த்துகிறது. கிழக்கு பட்லி என்னும் சிற்றூர் ஓர் ஓடையின் கீழே இருக்கிறது. வெள்ளத்துக்கு அஞ்சும் ஊர். அதன் மேலே அந்த ஓடையில் ஒரு பீவர் குடும்பம் அடுத்தடுத்துச் சில அணைகளைக் கட்டியது. மழைக்குப் பின் ஊரை வந்தடையும் வெள்ளத்தின் உச்சம் குறைந்திருப்பதை அளவுக்கருவிகள் காட்டின. அணைகள் வெள்ளத்தை நிறுத்துவதில்லை. பக்கத்துச் சமவெளியில் பரப்பி, தாமதப்படுத்தி, தவணைமுறையில் அனுப்புகின்றன. வண்டலின் ஒரு பகுதியும் அந்தக் குளங்களிலேயே தங்கிவிடுகிறது.

இதற்கு விலையும் உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் வேறொருவர் என்பதுதான் சிக்கல். கிழக்கு பட்லியின் வீடுகள் காப்பாற்றப்படுவதற்காக நீர் தேங்கி நிற்பது மேலே உள்ள ஒருவருடைய நிலத்தில். சோதனைக் காலத்தில் விளைநிலங்களில் நீர் ஏறிய நிகழ்வுகள் இருந்தன. அணைக்குள் குழாயைச் செருகி நீர்மட்டத்தை ஓரளவுக்கு மேல் உயராமல் பார்த்துக்கொள்ளலாம். பழமரங்களின் அடியைக் கம்பிவலையால் சுற்றலாம். தேவைப்பட்டால் அணையைப் பிரித்தும் விடலாம். அறக்கட்டளை ஆட்களை அனுப்பி இதையெல்லாம் செய்தது. தூண்டில்காரர்களுக்கு வேறு கவலை: கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் மீன்களை அணைகள் தடுத்துவிடுமே என்பது. ஆய்வில் பீவர் குளங்களில் மீன் கூடுதலாகவே இருந்தது. நீர் பெருகும் நாள்களில் டிரவுட் மீன்கள் அணையைத் தாண்டுவதும் பதிவானது. இதில் நான் பக்கச்சார்புள்ளவன் என்பதை மறைக்கவில்லை. இருந்தாலும் கேட்கத் தோன்றுகிறது: மாவு ஆலைக்காகவும் கம்பளி ஆலைக்காகவும் மனிதர்கள் இதே ஆற்றின் குறுக்கே கட்டிய கல்தடுப்புகள் நூற்றாண்டுகளாக மீனை மறித்து நிற்கின்றன, அவற்றைப் பற்றி இத்தனை கவலை ஏன் எழவில்லை?

அந்தத் தடுப்புகளும் பார்க்கத் தக்கவையே. ஒட்டர்ட்டனில் ஆலை இருந்ததை 1086இல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலக்கணக்கு பதிவுசெய்திருக்கிறது. இன்றைய ஆலையின் சக்கரமும் ஆற்றிலிருந்து பிரித்த கால்வாய் நீரிலேயே சுழல்வது. ஒட்டரி செயின்ட் மேரியில் 1790ஐ ஒட்டிக் கட்டிய வட்ட வடிவத் தடுப்பு ஒன்று உண்டு. கம்பளி ஆலைக்குச் சென்ற கால்வாயின் மிகைநீர், அடுக்கடுக்கான வட்டப் படிகளின் வழியாக நடுவிலுள்ள குழிக்குள் விழுந்து, சுரங்கம் வழியாக மீண்டும் ஆற்றுக்குப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். கவிஞர் சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் 1772இல் பிறந்ததும் இந்த ஊரில்தான். 2008 அக்டோபர் இறுதியில் ஓர் இரவில் இங்கே கொட்டிய ஆலங்கட்டி மழை, தெருக்களில் ஒரு மீட்டருக்கும் மேலாகக் குவிந்து வடிகால்களை அடைத்து, ஊரையே வெள்ளக்காடாக்கியது. மேல்நிலத்தில் நீரைத் தாமதப்படுத்துவதற்கு இந்தப் பள்ளத்தாக்கினர் ஏன் காதுகொடுத்தார்கள் என்பதற்கு அந்த இரவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2020 ஆகஸ்டில் பீவர்கள் நிலையாகத் தங்கலாம் என்று அரசு அறிவித்தபோது ஆற்றில் சுமார் 15 குடும்பங்கள் இருந்தன. இங்கிலாந்தில் அற்றுப்போன ஒரு பாலூட்டி சட்ட ஒப்புதலோடு காட்டுக்குத் திரும்பியது அதுவே முதன்முறை. 2022 அக்டோபரில் அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்காயிற்று. 2025இல் நாட்டின் பிற ஆறுகளிலும் உரிமம் பெற்று அவற்றை விடலாம் என்று வழி திறந்தது. உரிமமின்றி வந்த சில விலங்குகள் ஒரு நாட்டின் சட்டத்தையே வளைத்துவிட்டன.

இனி முகத்துவாரம். இங்கே கதை கல்லிலிருந்து தொடங்குகிறது. பட்லி சால்டர்ட்டன் கடற்கரையில் மணல் இல்லை. உள்ளங்கையளவும் அதற்கு மேலும் உள்ள, வழவழப்பான, தட்டையான குவார்ட்சைட் கூழாங்கற்களே கரை முழுவதும். ஊருக்கு மேற்கே செங்குத்துப் பாறையில் இந்தக் கற்கள் ஓர் அடுக்காகப் பதிந்திருப்பதைக் காணலாம். 19ஆம் நூற்றாண்டில் இவற்றை உடைத்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே கிடைத்த புதைபடிவங்கள், கடலுக்கு அப்பால் பிரான்சின் பிரிட்டானி, நார்மண்டிப் பாறைகளில் உள்ளவற்றோடு பொருந்தின. அதாவது, 40 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த அந்தப் பாறைகளை அரித்து உருட்டிக்கொண்டு, ஆங்கிலக் கால்வாய் என ஒன்று தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பு, டிரையாசிக் பாலையின் குறுக்கே ஒரு பேராறு வடக்கு நோக்கி ஓடியிருக்கிறது. அது விட்டுச்சென்ற கற்களுக்கும் மணலுக்கும் நடுவே இன்றைய ஒட்டர் எதிர்த்திசையில், தெற்கே ஓடுகிறது.

பாறையிலிருந்து உதிரும் கற்களை அலைகள் கிழக்கே தள்ளிக்கொண்டே வந்து ஆற்றின் வாயில் திட்டாகக் குவிக்கின்றன. நடுக்காலத்தில் இங்கே கடற்கலங்கள் வந்துபோன துறைமுகம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டளவில் கூழாங்கல் திட்டு வாயை அடைத்துவிட, துறைமுகம் மறைந்தது. ஆறு இப்போது திட்டின் கிழக்கு முனையில், செம்பாறையை உரசிக்கொண்டு குறுகலாக வெளியேறுகிறது. அங்கே பாலமில்லை. கடலோரப் பாதையில் வருபவர்கள் உள்நாட்டுப் பக்கம் வெள்ளைப் பாலம் வரை நடந்து, கடந்து, மறுகரையில் அதே தூரம் திரும்பி நடக்க வேண்டும். முகத்துவாரத்தை அறிமுகப்படுத்திக்கொள்ள அதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை.

துறைமுகம் போன பிறகு சதுப்பு மிஞ்சியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நெப்போலியப் போர்க்காலத்தில், அப்போதைய நிலவுடைமையாளரான ரோல் பிரபு நீளமான மண்கரை எழுப்பி, ஆற்றையும் கடல் ஏற்றத்தையும் சதுப்பிலிருந்து பிரித்து, மேய்ச்சல் நிலமாக்கினார். பிரெஞ்சுப் போர்க்கைதிகளைக் கொண்டு அது கட்டப்பட்டது என்பது உள்ளூர் வழக்கு. இருநூறு ஆண்டுகள் அந்தக் கரை நின்றது. பராமரிப்புச் செலவு கூடிக்கொண்டே போனது. வெள்ளம் கரையைத் தாண்டி உள்ளே வந்தால் வெளியே போக வழியில்லாமல் வாரக்கணக்கில் தேங்கியது. உள்ளே இருந்த கிரிக்கெட் மைதானமும் சாலையும் மூழ்கின. கடல்மட்டமோ உயர்ந்துகொண்டிருக்கிறது. என்றேனும் கரை தானே உடையும், அது உடையும் இடத்தையும் நேரத்தையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை நிலவுடைமை நிறுவனமும் சுற்றுச்சூழல் முகமையும் ஏற்றுக்கொண்டன. சாலையை உயர்த்தி, கிரிக்கெட் கழகத்தை வேறிடத்துக்கு மாற்றி, நீரோடைகளைத் தோண்டி, உடைப்பின் மேல் சுமார் 70 மீட்டர் நீளப் பாலம் அமைத்து, 2023 இலையுதிர்காலத்தில் கரையை அவர்களே வெட்டித் திறந்தார்கள். அன்றைய ஏற்றத்திலேயே கடல் உள்ளே வந்தது. சுமார் 55 ஹெக்டேர் நிலம் இப்போது நாளுக்கு இருமுறை நனைகிறது. எதிர்க்கரையில், நார்மண்டியின் சான் ஆற்று முகத்துவாரத்தில் நடந்த இதேபோன்ற பணியும் இதுவும் ஒரே திட்டத்தின் இரு பாதிகள்.

எல்லாரும் மகிழவில்லை. வளர்ந்த மரங்கள் வெட்டப்பட்டன. தலைமுறைகளாகப் பழகிய பசும்புல்வெளி சேறாகியது. நன்னீர்ச் சதுப்பை நம்பியிருந்த உயிர்கள் இடம்பெயர நேர்ந்தது. ஏற்றம் இறங்கும் நேரத்தில் அந்தச் சேற்றைப் பார்த்தால் முதலில் எவருக்கும் பாழ்நிலமென்றே தோன்றும். சேற்றுக்குள் இருக்கும் புழுக்களும் சிறு நத்தைகளும்தான் செல்வம் என்பதைப் பறவைகளே காட்டிக்கொடுக்கின்றன. பவளக்காலி உள்ளான், வளைந்த நீண்ட அலகுடைய கர்லூ, கிளுவை, நாமத்தலை வாத்து எனக் குளிர்காலத்தில் இங்கே கூடுபவற்றுள் சில இனங்கள் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் குளிர்காலத்தைக் கழிப்பவையே. சின்ன வெள்ளைக் கொக்கும் நிற்கிறது. 1996இல்தான் அது பிரிட்டனில் முதன்முதலாகக் கூடுகட்டியது என்பதை இன்று இங்கு வளரும் சிறுவர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். உப்புநீர் ஏறும் ஓரங்களில் உமரி இனச் செடிகளும், பின்னர் வண்டல் உயர உயர மற்ற உவர்நிலச் செடிகளும் இடம்பிடிக்கும்.

இத்திட்டத்தின் பின்னே ஒரு கணக்குப்புத்தகமும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அருகிலுள்ள எக்ஸ் முகத்துவாரத்தில் ஊர்களைக் காக்கும் தடுப்புச்சுவர்களால் சதுப்புகள் சுருங்கிவருகின்றன; சட்டப்படி அந்த இழப்பை வேறெங்காவது ஈடுசெய்ய வேண்டும். ஒட்டரின் 55 ஹெக்டேர் அந்த ஈட்டின் ஒரு பகுதி. ஆகவே இது கூடுதலாகக் கிடைத்த இயற்கை என்று கொண்டாடுவது பாதி உண்மையே. எனினும் உள்ளானுக்குச் சேறு எந்தப் பற்றில் எழுதப்பட்டது என்பது பொருட்டில்லை. கணக்கில் சேர்க்க முடியாமல் போனது வேறொன்று: கரையின் பாதுகாப்பை நம்பி முந்தைய தலைமுறை இதே தாழ்நிலத்தில் நகராட்சிக் குப்பையைக் கொட்டி மூடிவைத்திருந்தது. கிரிக்கெட் கழகத்தை மாற்றினார்கள், சாலையை உயர்த்தினார்கள். அந்தக் குப்பைமேட்டை மட்டும் எங்கும் கொண்டுபோக வழியில்லாமல், அதன் ஓரத்தை வலுப்படுத்தி அங்கேயே விட்டிருக்கிறார்கள், இப்போது ஏற்றத்தில் கடல்நீர் அதை நெருங்கி வந்துபோகிறது.